வெளிநாட்டில் தொழில்நுட்பப் பணி: சுயவிவரக் குறிப்பு எங்கே தவறுகிறது, எப்படித் திருத்துவது?

புது தில்லி: பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, புனே ஆகிய நகரங்களில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர்கள் பலருக்கும் ஒரே அனுபவம் உண்டு. உள்நாட்டில் எளிதாக நேர்காணல் பெற்றுத் தந்த அதே சுயவிவரக் குறிப்பை பெர்லினுக்கும் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினால், பெரும்பாலும் பதிலே வருவதில்லை. திறமையில் குறை இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். பல நேரங்களில் குறை திறமையில் இருப்பதில்லை. இந்தியாவை அறிந்த ஒருவருக்காக எழுதப்பட்ட தாள், இந்தியாவை அறியாத ஒருவரின் கையில் சேர்வதே சிக்கலுக்குக் காரணமாகிறது.

வாய்ப்புகளின் திசையும் மாறி வருகிறது. அமெரிக்காவுக்கு வெளியில் இருப்பவர்களுக்காகத் தாக்கல் செய்யப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டாக உயர்ந்தது. மறுபுறம், திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-இல் இருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. வெளிநாட்டவரை வரவழைக்க நிறுவனம் செலவிட வேண்டிய பணமும் காலமும் கூடும்போது, முதல் தாளிலேயே நம்பிக்கை தராத விண்ணப்பத்தை அது கடந்து சென்றுவிடுகிறது.

நான்கு வாசகர்கள்

வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் சுயவிவரக் குறிப்பை நான்கு தரப்பினர் வெவ்வேறு நோக்கில் படிக்கின்றனர். முதலாவது, ஏ.டி.எஸ். எனப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருள். இரண்டாவது, நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அலுவலர். இவர் பெரும்பாலும் பொறியாளர் அல்லர். இந்தியக் கல்லூரிகளையும் நிறுவனங்களையும் அறிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இவருக்கு இல்லை. மூன்றாவது, நேர்காணல் நடத்தும் மூத்த பொறியாளர். நான்காவது, பணி உறுதியான பிறகு வரும் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனமும் விசா அதிகாரியும்.

முதல் மூவரை மட்டும் மனத்தில் கொண்டு எழுதுவோர், நான்காமவரிடம் சிக்கிக்கொள்கின்றனர். எனவே, குறிப்பில் இடம்பெறும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சோதனைகள் தேவை. இந்தியாவைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு இந்த வரி விளங்குமா? ஆவணம் கேட்டால் இந்த வரியை மெய்ப்பிக்க முடியுமா?

மென்பொருள் எதைப் படிக்கிறது?

ஏ.டி.எஸ். மென்பொருள் விண்ணப்பங்களைத் தானாகவே நிராகரித்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. நடைமுறையில் இவ்வகை மென்பொருளின் அடிப்படைப் பணி, கோப்பில் உள்ள எழுத்துகளைப் பெயர், பணியிடம், பதவி, காலம், கல்வி, திறன் எனப் பிரித்துச் சேமிப்பதாகும். பின்னர் ஆள்சேர்ப்பு அலுவலர் 'ஜாவா', 'குபெர்னெட்டிஸ்' போன்ற சொற்களைக் கொண்டு தேடுகிறார். விண்ணப்பதாரரைத் தானாகவே விலக்கக்கூடியவை, விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் நேரடிக் கேள்விகள். அந்நாட்டில் பணிபுரியும் உரிமை உள்ளதா, எத்தனை ஆண்டு அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் விடைகளின் அடிப்படையில் பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்டுகின்றன.

ஆகவே வடிவமைப்பு எளிமையாக இருப்பதே நன்று. இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்ட பக்கம், அட்டவணைக்குள் அடைக்கப்பட்ட பணி அனுபவம், படமாகச் சேர்க்கப்பட்ட எழுத்து ஆகியவற்றை மென்பொருள் தவறாகப் பிரிக்கக்கூடும். திறன்களை ஐந்து நட்சத்திரங்களாகவோ விழுக்காட்டுப் பட்டைகளாகவோ காட்டுவதும் பயனற்றது. பைத்தான் மொழியில் 80 விழுக்காடு திறன் என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. கோப்பு சரியாக உள்ளதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. பி.டி.எஃப். கோப்பில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் நகலெடுத்து ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒட்ட வேண்டும். வரிகள் வரிசை குலையாமல் வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் அவ்வாறே படிக்கும்.

வேலை அறிவிப்பில் உள்ள சொற்களை வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிரப்பும் உத்தியைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். மென்பொருள் கோப்பைப் பிரித்து எழுத்தாகக் காட்டும்போது அச்சொற்கள் அப்படியே வெளிப்பட்டுவிடும். அறிவிப்பு கேட்கும் தொழில்நுட்பத்தில் உண்மையான அனுபவம் இருந்தால், அறிவிப்பில் உள்ள அதே பெயரைக் கொண்டு பணி அனுபவப் பகுதியிலேயே அதை எழுதுவது போதுமானது.

இந்திய வழக்கும் வெளிநாட்டு வாசகரும்

தந்தை பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி, நிரந்தர முகவரி ஆகியவை இந்தியச் சுயவிவரக் குறிப்புகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம், 1967-ஆம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் ஆகியவற்றின்படி, இத்தகைய விவரங்களின் அடிப்படையில் ஒருவரை விலக்குவது வழக்குக்கு இடமளிக்கும். எனவே அந்நாட்டு நிறுவனங்கள் இவற்றைப் பெறவே விரும்புவதில்லை. ஆதார் எண், கடவுச்சீட்டு எண் ஆகியவற்றைச் சுயவிவரக் குறிப்பில் எழுதுவது எந்த நாட்டுக்கும் தேவையற்றது. அவை தவறான கைகளில் சேரும் ஆபத்தும் உண்டு.

மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மையே என்று உறுதி கூறும் இறுதி வாசகமும், சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புவதாகக் கூறும் தொடக்கப் பத்தியும் நீக்கத் தக்கவை. அந்த இடத்தில், எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் துறை, எந்தத் தொழில்நுட்பம், எவ்வகைப் பணியைத் தேடுகிறார் என்பதை இரண்டு வரிகளில் கூறலாம்.

சொற்களிலும் கவனம் தேவை. கல்லூரிப் படிப்பை முடித்ததை இந்திய ஆங்கிலத்தில் 'பாஸ்டு அவுட்' என்று எழுதுவது வழக்கம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்கு மயங்கி விழுந்ததாகவே பொருள் கொள்வர். லட்சம், கோடி ஆகிய அளவுகள் அங்கு விளங்காது. 20 லட்சம் பயனர்கள் என்பதை 2 மில்லியன் என்று எழுத வேண்டும். 03/04/2021 என்ற தேதியை அமெரிக்கர் மார்ச் 4 என்றும் ஐரோப்பியர் ஏப்ரல் 3 என்றும் படிப்பர். மாதத்தின் பெயரை எழுத்தால் குறிப்பிட்டால் இக்குழப்பம் நேராது. மதிப்பெண்ணை 8.1 என்று மட்டும் எழுதாமல் 10-க்கு 8.1 என்று எழுத வேண்டும். ஜெர்மனியில் 1.0 என்பதே மிக உயர்ந்த மதிப்பீடு, 4.0 தேர்ச்சிக்கான கடைசிப் படி.

பதவிப் பெயர்களும் இதே வகையான இடரைத் தருகின்றன. பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களில் 'சிஸ்டம் இன்ஜினியர்', 'அசோசியேட்', 'அனலிஸ்ட்' போன்ற பதவிகள் ஊதியப் படிநிலையைக் குறிக்கின்றனவே அன்றிச் செய்யும் பணியைக் குறிப்பதில்லை. பதவிப் பெயரை மாற்றி எழுதினால் சரிபார்ப்பில் முரண்பாடு எழும். அலுவல்பூர்வமான பெயரை அப்படியே எழுதி, அதனருகே 'பின்தள மேம்பாட்டாளர் பணி' என்பது போன்ற விளக்கத்தைச் சேர்ப்பதே முறையானது.

தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட சிக்கல் ஒன்று உண்டு. குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இடும் வழக்கத்தால், கல்விச் சான்றிதழில் ஒரு வடிவமும் கடவுச்சீட்டில் மற்றொரு வடிவமும் அமைவது உண்டு. கடவுச்சீட்டில் ஒரே சொல்லாகப் பெயர் இருப்பவருக்கு, அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இடம்பெறுகின்றன. சுயவிவரக் குறிப்பிலும் விண்ணப்பப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயரை எழுதுவது பின்னாளில் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பொறுப்பா, விளைவா?

மூன்றாம் வாசகரான மூத்த பொறியாளர் தேடுவது வேறொன்று. 'பணப் பரிமாற்றச் செயலியின் மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்டேன்' என்ற வரி அவருக்கு எதையும் கூறுவதில்லை. குழுவில் இருந்த அனைவரும் அதே வரியை எழுத முடியும். விண்ணப்பதாரர் தனியாக என்ன செய்தார், அதனால் என்ன மாறியது என்பதே அவரது கேள்வி.

கூகுள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இதற்கு எளிய சூத்திரம் ஒன்றை முன்வைத்தார். எதைச் சாதித்தோம், அது எந்த அளவால் தெரிகிறது, எவ்வாறு செய்தோம் என்ற மூன்றும் ஒரே வரியில் அமைய வேண்டும் என்பது அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, வங்கி ஒன்றின் நாளிறுதிக் கணக்குச் சரிபார்ப்பு நிரலில் பணியாற்றிய பொறியாளரைக் கொள்வோம். 'தொகுப்புச் செயல்பாட்டைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தேன்' என்று அவர் எழுதினால் அது கடமைப் பட்டியல். 'தரவுத்தளத்தில் புதிய அட்டவணைக் குறியீடுகளைச் சேர்த்து, வேலையை இணையாகப் பிரித்து இயக்கியதன் மூலம், 6 மணி நேரம் எடுத்த நாளிறுதிச் சரிபார்ப்பை 50 நிமிடங்களாகக் குறைத்தேன்' என்று எழுதினால், நேர்காணலில் கேட்பதற்கு அந்தப் பொறியாளருக்கு நான்கு கேள்விகள் கிடைத்துவிடுகின்றன.

எல்லாப் பணிக்கும் இத்தகைய கணக்கு இருக்காது. அளந்து பார்க்காத ஒன்றுக்கு விழுக்காட்டைக் கற்பனை செய்வது ஆபத்தானது. எவ்வாறு அளந்தீர்கள் என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும். அளவு இல்லாதபோது பரப்பைக் கூறலாம். எத்தனை பேர் கொண்ட குழு, எத்தனை சேவைகள், எவ்வளவு தரவு, வாரத்துக்கு எத்தனை முறை புதிய பதிப்பு வெளியானது என்பவை நினைவில் இருந்து உறுதியாகக் கூறக்கூடியவை. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை வெளியிட ஒப்பந்தம் தடை செய்தால், 'ஐரோப்பியச் சில்லறை வணிக நிறுவனம்' என்று துறையை மட்டும் குறிப்பிடலாம்.

திறன் பட்டியலில் 40 தொழில்நுட்பங்களை அடுக்குவதும் எதிர்விளைவைத் தரும். பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் கேள்வி வரலாம். அன்றாடம் கையாள்பவற்றை முதலிலும் ஓரளவு அறிந்தவற்றைத் தனியாகவும் தருவது நேர்மையான முறை. கிட்ஹப் இணைப்பைத் தருபவர்கள், அதில் உள்ள ஓரிரு திட்டங்களுக்காவது அது எதற்கு, எப்படி இயக்குவது என்ற விளக்கக் கோப்பை எழுதியிருப்பது நலம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆங்கில நடையைச் செப்பனிட உதவும். எனினும், அவை செய்யாத பணியையும் செய்ததாக எழுதக்கூடும்; ஒரே வகையான சொற்றொடர்களையே அனைவருக்கும் தரும். அவை எழுதிய வரி ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் விளக்கிப் பேச முடியுமா என்று சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

ஒரே குறிப்பை எல்லா நாடுகளுக்கும் அனுப்புவது பொருந்தாது. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்குக் குறைவான அனுபவம் உள்ளவரிடம் ஒரு பக்கமே எதிர்பார்க்கப்படுகிறது, புகைப்படம் கூடாது. பிரிட்டனில் இரண்டு பக்கங்கள் வழக்கம். அங்கும் புகைப்படம் இடுவதில்லை. ஜெர்மனியில் அண்மைப் பணியில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும் கால வரிசையும் இரண்டு பக்க அளவும் வழக்கம். புகைப்படம், இறுதியில் இடம், தேதி, கையெழுத்து ஆகியவை அங்கு மரபாக இருந்தன. 2006-ஆம் ஆண்டு சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு புகைப்படத்தை நிறுவனங்கள் கட்டாயமாகக் கேட்பதில்லை. பெர்லின், மியூனிக் நகரங்களின் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல ஆங்கிலக் குறிப்பையே ஏற்கின்றன.

மொழித்திறனை 'நன்றாகத் தெரியும்' என்று எழுதாமல், ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் குறிப்பிட வேண்டும். விசா ஆதரவு தேவையா, தற்போதைய பணியில் இருந்து விலக எத்தனை நாள் ஆகும் என்பதையும் மறைக்காமல் ஒரு வரியில் கூறுவது நல்லது. இந்திய நிறுவனங்களின் 90 நாள் அறிவிப்புக் காலம் ஜெர்மனி நிறுவனங்களுக்குப் புதிதன்று. அங்கும் மூன்று மாத அறிவிப்புக் காலம் வழக்கத்தில் உள்ளது.

விசாவைத் தீர்மானிக்கும் மாதக் கணக்கு

சுயவிவரக் குறிப்பில் '2019 – 2022' என்று ஆண்டுகளை மட்டும் எழுதுவது இந்தியாவில் பொதுவான பழக்கம். அது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகவும் இருக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு அருகிலும் இருக்கலாம். இந்த வேறுபாடு விசாவையே தீர்மானிக்கக்கூடும்.

ஜெர்மனியில் 2023 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, பட்டம் இல்லாத தகவல் தொழில்நுட்ப வல்லுநரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை பெறலாம். அதற்குக் கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகள் பட்டதாரி நிலைக்கு ஒப்பான பணி அனுபவம் வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பணிகளுக்கான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2025-ஆம் ஆண்டுக்கு 43,759.80 யூரோவாக இருந்தது. இத்தொகை ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. 2024 ஜூன் 1 அன்று அறிமுகமான 'வாய்ப்பு அட்டை' திட்டத்தில், வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை தங்கலாம். அதன் புள்ளி முறையில் 6 புள்ளிகள் தேவை. கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு தொடர்புடைய அனுபவத்துக்கு 2 புள்ளிகளும், கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு அனுபவத்துக்கு 3 புள்ளிகளும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் குறிப்பிடப்பட வேண்டும்.

பட்டதாரிகள் தங்கள் கல்வி நிறுவனமும் பட்டமும் ஜெர்மனியில் ஏற்கப்படுகின்றனவா என்பதை 'அனாபின்' என்ற தரவுத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிறுவனத்துக்கு 'எச் பிளஸ்' குறியீடு இருந்தால் அது அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். இந்த விவரத்தைச் சுயவிவரக் குறிப்பின் கல்விப் பகுதியில் ஒரு வரியாகச் சேர்த்தால், ஆள்சேர்ப்பு அலுவலரின் முதல் ஐயம் நீங்கிவிடும்.

கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்துக்கும், ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் திறன் மதிப்பீட்டுக்கும், செய்த பணிகளை விவரிக்கும் நிறுவனக் கடிதம் தேவை. இந்திய நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழில் பெரும்பாலும் பதவியும் தேதிகளும் மட்டுமே இருக்கும். பணியில் இருந்து விலகும்போதே கடமைகளைக் குறிப்பிடும் கடிதத்தைக் கேட்டுப் பெறுவது, பின்னர் அலைவதைத் தவிர்க்கும். அந்தக் கடிதமும் சுயவிவரக் குறிப்பும் லிங்க்ட்இன் பக்கமும் ஒரே தேதிகளைக் கூற வேண்டும்.

பொய்யான அனுபவத்தின் விலை

இரண்டு ஆண்டு அனுபவத்தை ஐந்தாகக் காட்டித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்கள் இந்திய நகரங்களில் குறைவில்லை. இல்லாத நிறுவனத்தின் பெயரில் அனுபவச் சான்றிதழும் ஊதியச் சீட்டும் அவர்கள் தயாரித்துத் தருகின்றனர். ஆனால், சரிபார்ப்பு நிறுவனங்கள் தாளை மட்டும் பார்ப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில், பணியாளர் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். வருமான வரிக்கான படிவம் 16, வங்கிக் கணக்கில் வந்த ஊதியம் ஆகியவையும் கேட்கப்படுகின்றன.

சுயவிவரக் குறிப்பில் உள்ள பொய் விசா விண்ணப்பத்திலும் இடம்பெற்றுவிட்டால் விளைவு கடுமையாகும். கனடாவில் தவறான தகவல் அளித்தது உறுதியானால் 5 ஆண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்று முயற்சிக்கு 10 ஆண்டுத் தடை விதிக்கப்படலாம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி, முக்கியத் தகவலைத் திரித்துக் கூறியவர் விலக்கு பெறாத வரை வாழ்நாள் முழுவதும் நுழையத் தகுதியற்றவர் ஆகிறார். சிங்கப்பூரில் வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் அளித்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இதற்கு மாறாக, வேலையிழப்பால் ஏற்பட்ட ஆறு மாத இடைவெளியை உள்ளபடி எழுதுவதால் பேரிழப்பு எதுவும் இல்லை. ஆட்குறைப்பில் பணி இழந்ததாக ஒரு வரியில் கூறி, அக்காலத்தில் கற்றது அல்லது செய்தது இருந்தால் அதைச் சேர்த்தால் போதும். மறைக்கப்பட்ட இடைவெளியே ஐயத்தை எழுப்புகிறது.

பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை

சுயவிவரக் குறிப்பை மென்பொருளில் 'நூற்றுக்கு நூறு' பெறும்படி மாற்றித் தருவதாகக் கூறிப் பணம் பெறுவோரும் உள்ளனர். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மதிப்பெண் என்று ஒன்று இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, குறிப்பைப் பெற்ற உடனேயே நேர்காணலின்றி வரும் வேலை உத்தரவு. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்பப் பணி என்ற பெயரில் இளைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்படுவது குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் உள்ளது. பதிவு பெற்ற முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு, சேவை வரியும் ஆகும். அதற்கு மேல் கேட்பவரிடம் கடவுச்சீட்டு நகலையோ சான்றிதழ்களையோ ஒப்படைக்கக் கூடாது.

அனுப்புவதற்கு முன்

செப்பனிட்ட குறிப்பை அனுப்பும் முன், தொழில்நுட்பத் துறையில் இல்லாத ஒருவரிடமும் அதே துறையின் மூத்தவர் ஒருவரிடமும் படிக்கத் தருவது பயன் தரும். விண்ணப்பதாரர் என்ன வேலை செய்கிறார் என்பதை முதலாமவர் ஒரு வாக்கியத்தில் கூற முடிய வேண்டும். எந்த வரியைப் பற்றி மேலும் கேட்கத் தோன்றுகிறது என்பதை இரண்டாமவர் சுட்டிக்காட்ட வேண்டும். எதையும் சுட்ட முடியாவிட்டால் பணி அனுபவப் பகுதியை மீண்டும் எழுத வேண்டும்.

அதன்பின், ஒவ்வொரு வரிக்கும் உரிய ஆவணம் கையில் உள்ளதா என்று சரிபார்த்து, பணி நியமனக் கடிதங்கள், விலகல் கடிதங்கள், பட்டச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே தொகுப்பில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை உறுதியான பிறகு அவற்றைக் குறுகிய காலத்துக்குள் அளிக்க வேண்டியிருக்கும். பழைய நிறுவனத்தின் கடிதம் ஒன்று இல்லாமற்போனால், அதற்கு விண்ணப்பிக்க உகந்த நேரம் நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே ஆகும்.